கடலை இல்லாத கடலைச் சட்னி

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "ஏரிப் பக்கம் போங்க, கடலெண்ணெய் வாசனை வர்ற எடத்துல நில்லுங்க" என்பார்கள். கீழே அப்பாவின் எண்ணெய்க்கடை, மேலே வீடு. முதலில் இரும்புச் செக்கு ஓடியது. பிறகு மரச்செக்கு எண்ணெய்க்கு ஊரெல்லாம் மவுசு வந்ததும், அப்பா வாகை மரத்தில் ஒரு செக்கு வாங்கி, மோட்டார் மாட்டி, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி வாசலில் நிறுத்திவிட்டார். காரில் வந்து இறங்குகிறவர்கள் எண்ணெய் வழிவதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் பிறந்ததிலிருந்து கல்யாணமாகிப் போகிறவரை அந்த வாசனையில்தான் தூங்கினேன், படித்தேன், காய்ச்சலில் கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் என் நோட்டை இரவல் வாங்குகிறவள் முதலில் முகர்ந்து பார்த்துச் சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு அது அப்பா வாசனை.

அப்பாவுக்குப் பெரிய மீசை. மீசையில் எப்போதும் மெலிதாகக் கடலைத் தூசு படிந்திருக்கும். அம்மா ஆசிரியை. வாரமெல்லாம் பள்ளிக்கூடத்திலும் அடுப்படியிலும் மாரடிக்கிறவள். "ஞாயித்துக்கிழமை மட்டும் அடுப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாளாம். அதனால் ஞாயிறு காலை தோசையும் கடலைச் சட்னியும் அப்பாவின் பொறுப்பு.

அந்தச் சட்னியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது. கடலையை இரும்புச் சட்டியில் போட்டுச் சின்னத் தீயில் வறுப்பார். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "கடலைய வுட்டுட்டுத் திரும்புனா அது நம்மள வுட்டுட்டுப் பூடும்" என்பார். வறுத்ததைத் துண்டில் கொட்டி, மூட்டையாகப் பிடித்துத் தேய்த்து, மொட்டைமாடியில் நின்று முறத்தில் புடைப்பார். தோலெல்லாம் பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய் ஒட்டும். அந்த வீட்டு அக்கா வந்து திட்டுவார். திட்டி முடித்ததும் ஒரு கிண்ணம் சட்னி அந்த வீட்டுக்குப் போகும். இது வாராவாரம் நடக்கிற சண்டை.

பிறகு காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு. கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கொரகொரவென்று கெட்டியாக அரைப்பார். கடுகு தாளிக்கக் கூடாது. தாளிக்கலாம் என்று அம்மா சொன்னால் வீட்டில் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. சட்னியைக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியின் அடியால் நடுவில் ஒரு குழி பண்ணுவார். செக்கிலிருந்து புதிதாக இறங்கின எண்ணெயைக் காய்ச்சாமல், பச்சையாக, குழி நிறைய ஊற்றுவார். தோசையை அந்தக் குழியின் கரையில் தொட்டு எடுக்கவேண்டும். எண்ணெயும் சட்னியும் ஒன்றாக வரவேண்டும். நான் அவசரத்தில் கரையை உடைத்துவிட்டு எண்ணெய் வெளியே ஓடினால் தலையில் கை வைத்துக்கொள்வார். "ஏரிய ஒடச்சிட்டியே பாப்பா!"

கல்யாணமாகிக் கீழ்க்கட்டளைக்கு வந்தேன். அடுக்குமாடியில் வீடு, ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்புறம் மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் போயிருந்தோம். அப்பா அவளை மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, தோசை நுனியைக் குழியில் தொட்டு அவள் வாயில் வைத்தார். செக்குக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணெய்தான் முதல் ருசியாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பெருமை. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. மூச்சு இழுத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர் சொன்னார், வேர்க்கடலை இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது, துளிகூட ஆகாது, காலம் முழுக்க இப்படியே இருக்கலாம் என்று.

"கடலை துன்னு எவனுக்கு இன்னா ஆயிருக்குது?" என்று அப்பா என்னையே கேட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. எண்ணெய்க்கடைக்காரர் பேத்திக்குக் கடலை ஆகாதாம்! சாமி கும்பிடாதவள் என்றாலும் அன்றைக்குக் கடவுளைப் பிடித்து நாலு கேள்வி கேட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சில மாதம் கழித்து அப்பா ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுவந்தார். "இதுல கடல கெடையாது பாப்பா. சுத்தமான எள்ளு. நானே நின்னு ஆட்டுனேன்." எள் ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரும் சோதித்துச் சொல்லியிருந்தார். நான் இட்லியில் தடவி மகளுக்குக் கொடுத்தேன். மறுபடியும் வீக்கம், தடிப்பு, இழுப்பு, ஆஸ்பத்திரி.

எங்கள் செக்கில் வாரமெல்லாம் கடலை ஆடும், வெள்ளிக்கிழமை எள் ஆடும். நடுவில் செக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவமாட்டார்கள். மரம் தண்ணீர் குடித்தால் எண்ணெய் கெட்டுப்போகும். காய்ந்த பிண்ணாக்கைப் போட்டுச் சுற்றவிட்டு, அது ஒட்டியிருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்ததும் துடைத்துவிடுவார்கள். அந்தப் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்குதான்! அப்பாவுக்கு ஆயுசு முழுக்க அதுதான் சுத்தம். எனக்கும் அதுதான் சுத்தம். செக்கு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "அந்தக் கடையையே கட்டிக்கிட்டு அழுங்க. என் பொண்ணைத் தொடாதீங்க!" இதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், இல்லை. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கிறவளுக்கு நாக்கில் பதமெல்லாம் இருக்காது. இன்றைக்கும் அப்படித்தான் கத்துவேன். ஆனால் நான் கோபத்தில் விட்ட வார்த்தையை அப்பா வேட்டி நுனியில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொடாதே என்றேன். அதற்குப் பிறகு அவர் தொடவேயில்லை.

அம்மா தலைக்குக் குளித்து, துணி மாற்றி எங்கள் வீட்டுக்கு வந்துபோவாள். அப்பா வரமாட்டார். கடையை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது சோறு மட்டும் இல்லை. கடைசியில் ஏரிக்கரைதான் ஒத்து வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் மகளைக் கூட்டிக்கொண்டு செம்பாக்கம் ஏரிக்கரை நடைபாதைக்குப் போவேன். அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவோடு வருவார். அப்படியும் எங்களிடமிருந்து தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். என்ன தேய்த்தாலும் கையிலிருந்து கடலை போகாது என்று அவருக்கு ஒரு பயம். "இன்னா குட்டி, ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்கோ?" என்று அங்கிருந்தே கேட்பார். "என்ன குட்டின்னு கேளுங்க, குழந்தையும் அப்படியே கத்துக்கப் போகுது" என்பாள் அம்மா. மகள் இந்தப் பக்கமிருந்து கத்திப் பதில் சொல்லுவாள். நடக்க வருகிறவர்கள் எங்களுக்கு நடுவில் புகுந்து போவார்கள்.

"நீ மட்டுமாவது போய் அந்தச் சட்னியைச் சாப்பிட்டுவிட்டு வாயேன்" என்பார் என் கணவர். ஒரு தடவை போனேன். அப்பா குழி பண்ணி எண்ணெய் ஊற்றி முன்னால் வைத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கும் எட்டியது, தொண்டையில்தான் இறங்கவில்லை. இதைத் தின்றுவிட்டுக் குளித்து, பல் தேய்த்து, துணி மாற்றினால்தான் என் பிள்ளையை நான் தூக்கமுடியும். அப்பாவோ, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். நான் பாதித் தோசையோடு எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்தச் சட்னியை நான் தொடவில்லை. ஆசை மட்டும் போகவில்லை, பாழாய்ப்போன ஆசை! ஆபீஸில் மதியம் யாராவது டப்பாவைத் திறந்து கடலைச் சட்னி வாசனை வந்தால் எழுந்து தள்ளிப் போய் உட்காருவேன். ஆனால் ஏசி காற்று அந்த வாசனையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம்தான் உட்காருவேன். சாப்பாட்டைக் குழப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கண் கலங்கிவிடும். கேட்டால் காரம் என்று சொல்லிவிடுவேன்.

கடலை இல்லாமல் அதே சட்னி வருமா என்று வீட்டில் அரைத்துப் பார்த்தேன். பொட்டுக்கடலை போட்டால் ஓட்டல் சட்னி மாதிரி இருந்தது. பறங்கி விதை போட்டால் பச்சையாக ஏதோ மருந்து மாதிரி வந்தது. சூரியகாந்தி விதை கொஞ்சம் கிட்டே வந்து, நாக்கின் நடுவில் கசந்தது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது பனிஷ்மென்ட்டா?" என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஏரிக்கரையில் இதை எரிச்சலோடு அப்பாவிடம் சொன்னேன். "வராதுப்பா. கடலை இல்லாம அந்தச் சட்னி வரவே வராது."

"சூரியகாந்தி வெதைய எப்படி வறுத்த?" என்றார் தூரத்திலிருந்து.

"வறுக்கிற மாதிரிதான் வறுத்தேன்."

"அவசரப்பட்டிருப்ப."

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், மகள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "அம்மா, தாத்தாவுக்குக் கையே கிடையாதா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அவர் கையைப் பார்த்ததில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஏரி, ஜனம் எல்லாம் ஒரு நிமிடம் மங்கிப்போனது. அப்பா அப்போதும் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

"கை கீது குட்டி" என்றார். "கடையில வெச்சிட்டு வந்துட்டேன்."

"அப்போ நெக்ஸ்ட் டைம் எடுத்துட்டு வாங்க."

"சரி குட்டி."

அடுத்த சனிக்கிழமை அவர் ஏரிக்கரைக்கு வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்கப்பா கடையை ஆளுங்ககிட்ட விட்டுட்டு, குன்றத்தூர்ல உன் சித்தி வீட்டுல போய் உட்கார்ந்திருக்கார். முருகனுக்கு ஏதோ வேண்டுதலாம். கோயிலுக்குப் போனா செருப்பைப் பார்த்துக்கறேன்னு வெளியில நின்னுக்கற மனுஷன்! என்ன ஏதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அம்மா நின்றாள். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர். மொட்டைத் தலை, சந்தனம். மீசை இல்லை. கடை மடிப்புக் கலையாத புதுச்சட்டை, காலரில் ஸ்டிக்கரைக்கூட எடுக்கவில்லை. கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஐயோ, அப்பா என்று தெரிந்தது.

"என்னப்பா இது?"

"வேண்டுதல்."

"யாருக்கு என்ன வேண்டுதல்?"

"எவ்ளோ குளிச்சாலும் முடியில தூசு நிக்குது பாப்பா. மீசையில அத்தவுட மோசம். அதான் முருகனுக்குக் குடுத்துட்டேன். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார். மீசை இல்லாமல் அந்தச் சிரிப்பு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஒரு வாரமா செக்குப் பக்கமே போவல. சித்தி வூட்ல கடல வாசனகூட கெடையாது. நீ வாணான்னா இப்படியே போயிடறேன்."

"கல்யாணத்தன்னிக்குப் பார்த்த மீசை. எனக்கே யார் வீட்டு ஆம்பளையோன்னு இருக்கு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்றாள். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். புது இரும்புச் சட்டி. பெட்டி பிரிக்காத மிக்ஸி ஜார். புதுத் துண்டு. சூரியகாந்தி விதை, பொட்டுக்கடலை, வெள்ளை எள், எல்லாம் ஒட்டுப் பிரிக்காத பாக்கெட். கடைசியில் ஒரு பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய். பாக்கெட் எண்ணெயை 'எண்ணெய் வேஷம் போட்ட தண்ணி' என்று காலமெல்லாம் திட்டியவர் அவர்!

"சூப்பர் மார்க்கெட் கியூவுல நின்னேன்" என்றார். "நம்ம கஸ்டமர் ஒருத்தர் பாத்துட்டாரு. இன்னா சார், நீங்களான்றாரு. மானம் பூட்ச்சி."

நான் பாக்கெட்டுகளின் பொடி எழுத்தையெல்லாம் படித்தேன். கடலை படும் இடத்தில் அடைத்தது என்று எதிலும் இல்லை. "நல்லா பாரு. இன்னொரு தபா பாரு" என்று அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

அடுப்பைப் பற்றவைத்தார். விதையை வறுக்க, கைகள் முன்னால் வந்தே ஆகவேண்டியிருந்தது. மகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். "கையை எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"அட, கேட்டியே! கொண்டாந்துட்டேன், பாரு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எண்ணெய் ஊறிக் கறுத்த கை. நகத்தையெல்லாம் சதை தெரிய ஒட்ட வெட்டியிருந்தார். அவள் உள்ளங்கையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பெரிசா இருக்கு" என்றாள்.

விதை சிவந்ததும் துண்டில் கொட்டி, மூட்டையாகப் பிடித்து, இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு நிறுத்திவிட்டு மூட்டையையே பார்த்தார். கைப்பழக்கம். "தேய்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே பாப்பா, இதுல தோல் ஏது" என்றார். புடைக்க ஒரு தோல் இல்லை, திட்ட ஒரு பக்கத்து வீட்டு அக்கா இல்லை.

பொட்டுக்கடலை, எள், மிளகாய், பூண்டு, புளி. கசப்புக்குக் கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டார். கடலைச் சட்னிக்கு வெல்லம் போட்டால் அடிக்க வருவார். இதற்கு அவரே போட்டார். கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் எடுத்து, கரண்டி அடியால் குழி பண்ணி, பாக்கெட் எண்ணெயை ஊற்றினார். நான் வார்த்த தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்துத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ ஊட்டு."

"நீங்க ஊட்டுங்கப்பா."

"வாணாம்மா. நீயே குடு."

"ஊட்டுங்கன்னா ஊட்டுங்க!" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்திய அதே தொண்டைதான்.

அப்பா தோசையைக் குழியின் கரையில் தொட்டு எடுத்தார். மகள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவசரத்துக்கு வைத்திருக்கும் ஊசி மருந்துப் பை மேஜை மேல் திறந்தபடி இருந்தது. நாங்கள் எல்லோரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மூச்சு விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

"ஏன் எல்லாரும் என் வாயையே பாக்கறீங்க?" என்றாள் மகள். "நல்லாத்தான் இருக்கு." தானே தோசையைப் பிய்த்துக் கிண்ணத்தில் குத்தினாள். கரை உடைந்து எண்ணெய் தட்டெல்லாம் ஓடியது.

"ஏரிய ஒடச்சிட்டியே குட்டி!" அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். வழுவழுவென்று மொட்டை கையில் பட்டதும் அவரே திடுக்கிட்டுச் சிரித்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, போலீஸைக் கண்டவர் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கொஞ்சங்கொஞ்சமாகக் கைகளை இறக்கி அவளைக் கட்டிக்கொண்டார்.

நானும் தொட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"எப்படி கீது பாப்பா?"

"அதேதான்ப்பா."

"பொய் சொல்லாத. நல்லா கீது. ஆனா அது வேற, இது வேற."

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்ற அப்பாவின் தோளில் சும்மா தலையைச் சாய்த்தேன். மூக்கை வைத்து முகர்ந்தேன். சோப்பு வாசனை அடித்தது. புதுச்சட்டைக் கஞ்சி வாசனை அடித்தது. கடலை இல்லை, எண்ணெய் இல்லை, பிண்ணாக்கு இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது நான் கட்டிக்கொண்ட அப்பா இவர் இல்லை. எனக்கு அந்த வாசனை வேண்டும் என்று அடம்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. உள்ளே மகள் தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனையைக் கேட்டால் அவளுக்கு அவர் இல்லாமல் போவார். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் கிளம்பினார்கள். மறுநாள் கடை உண்டு. முடி முளைக்கும், தூசு ஏறும், மறுபடி ஏரிக்கரைதான். "இனி எப்போப்பா?" என்றேன். "மாசாமாசம் மொட்டை போட்டா முருகனே போதும்டான்னுடுவார்" என்றாள் அம்மா. ஆட்டோ வந்து நின்றது. "இன்னா சார், ஏறுங்கோ, ராங் சைடுல நின்னுகினு கீறேன்" என்று ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

அப்பா எங்களைப் பார்த்தபடி நின்றார். இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. மகள் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். கட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு கையை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை மறுபடியும் கடையில வெச்சிட்டு வந்துடாதீங்க, தாத்தா."